காற்றுக்கு வழி விடாத நுரை டேப்

மாணவர்களே, உங்கள் உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டுங்கள். விரல்களையும் சேர்த்தால் அதன் பரப்பளவு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அந்தக் கையின் மேல் இந்த நிமிடம் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்திக்கொண்டிருக்கிறது. நம்ப முடிகிறதா? 10 கிலோ அரிசிப் பையை ஒரு கையில் ஏந்தி நிற்கவே சிரமப்படும் நாம் 100 கிலோவை எப்படித் தாங்குகிறோம்?

விடை எளிது. காற்று உங்கள் கையை மேலிருந்து அழுத்தும் அதே அளவுக்குக் கீழிருந்தும் அழுத்துகிறது. இரண்டு விசைகளும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

சரி, கீழே இருக்கும் காற்றை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான விடையை வைத்துத்தான் பல மரத்தளவாடப் பட்டறைகள் தினமும் வேலை செய்கின்றன. அங்கே அந்த 100 கிலோவைக் காவல் காப்பது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு நுரை டேப். இந்த வாரம் அந்த டேப்பைப் பற்றிப் பார்ப்போம்.

கிளாம்ப் இல்லாமல் ஒரு பிடி

ஒரு மரப் பலகையை வெட்டவோ இழைக்கவோ வேண்டுமானால் முதலில் அது நகராமல் இருக்க வேண்டும். பள்ளிப் பட்டறையில் நீங்கள் கிளாம்ப் போட்டுப் பலகையை மேசையோடு இறுக்கியிருப்பீர்கள். கிளாம்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. பலகையின் ஓரத்தை அது மறைத்துக்கொள்ளும். ஓரம் முழுவதையும் வளைவாக வெட்ட வேண்டுமானால், பாதி வெட்டியதும் நிறுத்தி, கிளாம்ப்பைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு துண்டுகள் வெட்டும் பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது.

இதற்குத் தச்சர்கள் பயன்படுத்துவது வெற்றிட ஜிக். ஜிக் என்பது ஒரே மாதிரியான துண்டுகளைத் திரும்பத் திரும்பச் செய்ய உதவும் ஒரு பிடிபலகை. வெற்றிட ஜிக்கின் அமைப்பு மிகவும் எளிமையானது. ஒட்டுப்பலகை அல்லது எம்.டி.எஃப். பலகை ஒன்றைத் தேவையான வடிவத்தில் வெட்டிக்கொள்வார்கள். அதன் முகத்தில், ஓரத்தை ஒட்டிச் சுற்றிலும் நுரை டேப்பை ஒரு வேலி போல ஒட்டுவார்கள். வேலிக்கு உள்ளே ஒரு துளை இருக்கும். அந்தத் துளையிலிருந்து ஒரு குழாய் வெற்றிடப் பம்புக்குப் போகும். குழாயில் ஓர் அழுத்தமானி பொருத்தப்பட்டிருக்கும்.

வெட்ட வேண்டிய மரத்தை டேப்பின் மேல் வைத்துப் பம்பை முடுக்கினால், மரத்துக்கும் ஜிக்குக்கும் இடையிலுள்ள காற்று வெளியேறும். டேப் நசுங்கும். மரம் ஒட்டிக்கொண்டது போல அசையாமல் நின்றுவிடும். ஓரம் முழுவதும் திறந்தே இருப்பதால் ஒரே ஓட்டத்தில் சுற்றிலும் வெட்டலாம். வேலை முடிந்ததும் காற்றை உள்ளே விட்டால் மரம் உடனே கழன்று வரும்.

வெற்றிடம் இழுப்பதில்லை

“வெற்றிடம் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது” என்று பலரும் சொல்வார்கள். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் மரத்தைத் தள்ளுகிறது. உள்ளே எதிர்த்துத் தள்ள ஆள் குறைந்துவிட்டதால் வெளிக்காற்று வெற்றி பெறுகிறது, அவ்வளவுதான்.

காற்றுக்கு இவ்வளவு வலிமை இருப்பதை மனிதன் அறிந்து நானூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இத்தாலியின் டோரிசெல்லி 1643-இல், வளிமண்டலம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிறுத்தும் என்பதைக் காட்டினார். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத் தலைவர்களில் ஒருவரான ஓட்டோ வான் கெரிக், காற்றை வெளியேற்றும் பம்பை உருவாக்கினார். 1650-களில் அவர் இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின. இந்தச் சோதனையின் படம் உங்கள் பாடநூலில் இருக்கலாம்.

படத்தில் தெளிவாகத் தெரியாத ஒரு பொருளும் அந்தச் சோதனையில் இருந்தது. இரண்டு அரைக்கோளங்களின் விளிம்புகளுக்கு இடையே மெழுகும் டர்பன்டைனும் ஊறவைத்த ஒரு தோல் வளையத்தை வைத்திருந்தார்கள். உலோக விளிம்புகளை எவ்வளவு தேய்த்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கும். அந்த வளையம் இல்லாவிட்டால் காற்று அவற்றின் வழியே உள்ளே புகுந்து, குதிரைகளுக்கு வேலையே இல்லாமல் செய்திருக்கும். இன்றைய நுரை டேப் அந்தத் தோல் வளையத்தின் வாரிசு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் சூத்திரம்தான்: விசை = அழுத்தம் × பரப்பளவு.

கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். பட்டறைப் பம்பு காற்றை முழுவதுமாக எடுத்துவிடாது. உள்ளும் புறமும் அழுத்த வேறுபாடு 80 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்.

மரத்துண்டின் அளவு 23 × 33 சென்டிமீட்டர். டேப்பின் அகலம் 1 சென்டிமீட்டர். அதை ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்டியிருக்கிறோம். அப்படியானால் டேப் வேலிக்கு உள்ளே இருக்கும் இடம் 20 × 30 சென்டிமீட்டர், அதாவது 0.06 சதுர மீட்டர். 80,000 பாஸ்கலை 0.06-ஆல் பெருக்கினால் 4,800 நியூட்டன் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஏழு பேர் அந்தப் பலகையின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம்!

இப்போது சிறிய துண்டுக்கு வருவோம். 8 × 7 சென்டிமீட்டர் துண்டு. அதே டேப், அதே இடைவெளி. உள்ளே மிஞ்சுவது 5 × 4, அதாவது 20 சதுர சென்டிமீட்டர்தான். விசை 160 நியூட்டன். பெரிய பலகையில் ஏழு பேர் நின்றார்கள் என்றால், இங்கே ஒரு சிறு குழந்தைதான் உட்கார்ந்திருக்கிறது. துண்டின் பரப்பில் பாதிக்கும் மேலானதை டேப்பும் ஓரமும் விழுங்கிவிட்டதைக் கவனித்தீர்களா? சிறிய துண்டுகளை வெற்றிட ஜிக்கில் வெட்டுவது ஆபத்து என்று தச்சர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காற்று மரத்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஆனால் வெட்டும் இயந்திரமோ மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பக்கவாட்டில் நகராமல் தடுப்பது உராய்வு. உராய்வுக் கெழு 0.4 என்று கொண்டால், 4,800 நியூட்டன் அழுத்தத்துக்கு 1,920 நியூட்டன் பக்கவாட்டுத் தாங்கும் சக்தி கிடைக்கும். அழுத்த வேறுபாடு 80-இலிருந்து 30 கிலோபாஸ்கலுக்குக் குறைந்தால் அது 720 நியூட்டனாகச் சரிந்துவிடும். மேலிருந்து பார்க்கும்போது மரம் அதே இடத்தில்தான் இருக்கும். பிடி மட்டும் பாதிக்கும் கீழே போயிருக்கும்.

இட்லியா, சிலிப்பரா?

எந்த நுரையை வேண்டுமானாலும் ஒட்டலாமா? கூடாது. நுரையில் இரண்டு வகை உண்டு.

இட்லியைச் சாம்பாரில் போட்டால் என்ன ஆகிறது? சாம்பாரை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே உள்ள சிறு துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதே காரணம். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சும் இப்படித்தான். இதைத் திறந்த அறை நுரை என்பார்கள். நீர் நுழையும் வழியில் காற்று இன்னும் எளிதாக நுழையும்.

வீட்டில் போடும் ரப்பர் சிலிப்பரை நீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும், நீரை உறிஞ்சாது. அதன் உள்ளேயும் குமிழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு குமிழியும் நான்கு பக்கமும் சுவர் வைத்த தனி அறை. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கதவு கிடையாது. இது மூடிய அறை நுரை. ஜிக்குக்கு ஏற்றது இதுதான்.

இந்த டேப்பைப் பெரும்பாலும் நியோபிரீன், ஈ.பி.டி.எம். போன்ற செயற்கை ரப்பரிலோ பி.வி.சி. நுரையிலோ செய்கிறார்கள். நியோபிரீன் 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் உருவானது. டேப் நசுங்கும்போது அறைகளுக்குள் அடைபட்ட வாயுவும் நசுங்கித் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல்தான் டேப்பை மரத்தின் சிறு மேடுபள்ளங்களோடு ஒட்டி நிற்க வைக்கிறது.

மூவாரில் நான் செய்த தவறு

ஜோகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் நம் நாட்டின் மரத்தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே என் மாமா ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில், விடுமுறை நாள்களில் அவருக்கு உதவப் போவேன்.

நாங்கள் ரப்பர் மரத்தில் நாற்காலியின் முதுகுப் பலகைகள் செய்துகொண்டிருந்தோம். நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் பால் சீவிய அதே ரப்பர் மரம்தான். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்படும் இந்த மரங்கள் ஒரு காலத்தில் விறகாகவே போயின. இன்று அவை மேசையாகவும் நாற்காலியாகவும் உலகமெங்கும் போகின்றன.

ஒரு நாள் காலையில் மாமா ஒரு ஜிக்கைக் கொடுத்து, “டேப் தேஞ்சு போச்சு. பழசை உரிச்சிட்டுப் புதுசு ஒட்டு” என்றார். பத்தே நிமிடத்தில் ஒட்டி முடித்தேன். டேப்பை மிச்சப்படுத்தலாம் என்று மூலைகளில் நன்றாக இழுத்து ஒட்டினேன். தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்ததும், இடைவெளி விழக்கூடாதே என்று முடிவு முனையைத் தொடக்க முனையின் மேல் ஏற்றி ஒட்டினேன். முதல் பலகையை வைத்தபோது அழுத்தமானி நன்றாகவே காட்டியது. அதன் பிறகு நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிற்பகலில் ரவுட்டர் மேசையில் வெட்டிக்கொண்டிருந்தேன். ரவுட்டரின் வெட்டுமுனை நிமிடத்துக்கு 20,000 முறைகூடச் சுழலும். திடீரென்று ஒரு சத்தம். பலகை ஜிக்கை விட்டுக் கழன்று, சுழன்று, எனக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் மோதியது. என் கைகள் ஜிக்கின் கைப்பிடிகளில் இருந்ததால் விரல்கள் தப்பின. சில விநாடிகளுக்கு முன்புதான் மாமாவின் மகன் அந்தச் சுவரோரமாக நடந்து போயிருந்தான்.

மாமா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. டேப்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போய், ஒரு மூலையில் நிறுத்தினார். “இழுத்து ஒட்டினியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “காத்துக்கு அவசரமே இல்லடா தம்பி. சின்ன வழி இருந்தா போதும், அது பாட்டுக்கு உள்ள வந்துரும்” என்று சொல்லி, பழைய டேப்பைச் சுரண்டும் பிளாஸ்டிக் தகட்டை என் கையில் கொடுத்தார்.

என்ன நடந்திருக்கும்? இழுத்து ஒட்டிய டேப் ரப்பர் பட்டையைப் போன்றது. பழைய நீளத்துக்குத் திரும்பவே பார்க்கும். சில மணி நேரத்தில் அது மூலையில் மெல்ல விலகி, ஒரு சிறு இடைவெளியை உண்டாக்கிவிட்டது. முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய இடத்தில் ஒரு மேடு உருவானது. மேட்டின் இரு பக்கமும் மரத்துக்கும் டேப்புக்கும் இடையே முக்கோண வடிவில் இரண்டு குட்டிச் சுரங்கங்கள். பட்டறைத் தூசியும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சுரங்கங்களின் மொத்தப் பரப்பு 3 சதுர மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். இவ்வளவு அழுத்த வேறுபாட்டில் ஒரு சதுர மில்லிமீட்டர் துளை வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் காற்று உள்ளே பாயும். மூன்றுக்கு 30 லிட்டர். அதாவது 1.5 லிட்டர் நீர்ப் புட்டிகள் இருபது! ஓட்டை விழுந்த சம்பானிலிருந்து நீரை இறைப்பது போலத்தான் பம்பின் நிலைமை. இறைப்பதும் உள்ளே வருவதும் சமமாகும் இடத்தில் அழுத்தமானியின் முள் நின்றுவிடும். ஓட்டை பெரிதாகப் பெரிதாக அது நிற்கும் இடம் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

ஒட்டுவதற்கும் ஒரு முறை உண்டு

அன்று மாலை மாமா சொல்லச் சொல்ல மீண்டும் ஒட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

1. முதலில் பலகையை அடையுங்கள். எம்.டி.எஃப். பலகைக்குள் நார்களுக்கு இடையே நுண்ணிய வழிகள் இருக்கின்றன. காற்று பலகையின் உடல் வழியாகவே ஊடுருவி வரும். ஆகவே ஜிக் பலகைக்கு, குறிப்பாக அதன் ஓரங்களுக்கு, இரண்டு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும்.

2. சுத்தம் செய்யுங்கள். பழைய பசையை முழுவதும் நீக்கி, தூசியைத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட வேண்டும். டேப்பின் பசை, அழுத்தும்போது மெல்ல வழிந்து பரப்பின் நுண்பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. தூசியோ விரலின் எண்ணெய்ப் பசையோ இடையில் இருந்தால், அது தூசியைத்தான் பிடிக்கும், பலகையை அல்ல.

3. இழுக்காதீர்கள். டேப்பைப் பலகையின் மேல் தளர்வாகக் கிடத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தாளை உரித்து, விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும்.

4. மூலையில் தொடங்காதீர்கள். நேரான பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். மூலைகளில் மெதுவாக வளைத்துக் கொண்டுபோங்கள். முடிந்தவரை ஒரே துண்டு டேப், ஒரே ஓர் இணைப்பு. இணைப்புகள் குறையக் குறைய கசிவும் குறையும்.

5. முனையின் மேல் முனையை ஏற்றாதீர்கள். இரண்டு முனைகளையும் ஒரே சாய்வில் கூரிய கத்தியால் வெட்டுங்கள். தேவையானதைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாக விட்டு, முனைகளை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டுங்கள். நெருக்கிய நுரை இணைப்பை இறுக்கமாக மூடிக்கொள்ளும்.

6. உருளையால் அழுத்தி, ஒரு நாள் விடுங்கள். பசை முழு வலிமை பெறுவதற்கு நேரம் வேண்டும். ஒட்டியவுடன் வேலையைத் தொடங்கினால் டேப் இடம் பெயர்ந்துவிடும்.

7. நடுவில் ஓட்டை வெட்டுவதானால், அந்த ஓட்டைக்கும் தனி வேலி வேண்டும். பலகையின் நடுவே ஒரு வளையம் வெட்டி எடுக்கப்போகிறோம் என்றால், அந்த வளையத்தைச் சுற்றியும் டேப் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் வெட்டுமுனை மரத்தைத் துளைத்த அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும்.

மெல்லிய பலகைகளுக்கு இன்னோர் எச்சரிக்கை. சுற்றிலும் மட்டுமே டேப் இருந்தால், காற்று பலகையின் நடுப்பகுதியைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். வளைந்த நிலையில் மட்டமாகச் செதுக்கிவிட்டு, காற்றை உள்ளே விட்டால் பலகை நிமிரும். மட்டமாக இருந்த பரப்பு இப்போது மேடாகிவிடும். இதைத் தவிர்க்க, அதே டேப்பில் சிறு துண்டுகளை வெட்டி நடுவில் ஆங்காங்கே தாங்கிகளாக ஒட்டுவார்கள். காற்று எல்லா இடத்திலிருந்தும் துளைக்குப் போய்ச் சேர, துண்டுகளுக்கு இடையே வழி விட வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சைக்கிள் டியூப்பில் ஓட்டை இருந்தால் சோப்பு நீர் தடவி, குமிழி வரும் இடத்தைப் பார்ப்போம். இங்கே அது பலிக்குமா? யோசித்துப் பாருங்கள்.

பலிக்காது. டியூப்பில் காற்று வெளியே வருகிறது, அதனால் குமிழி எழுகிறது. ஜிக்கில் காற்று உள்ளே போகிறது. சோப்பு நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பம்புக்குள் நீர் போனால் பம்பும் கெட்டுவிடும்.

தச்சர்கள் முதலில் அழுத்தமானியைப் பார்க்கிறார்கள். காற்று ஊடுருவாத ஒரு தடித்த அக்ரிலிக் தகட்டை ஜிக்கின் மேல் வைத்து, காற்றை எடுத்து, குழாயின் வால்வை மூடுவார்கள். முள் அசையாமல் நின்றால் டேப் நல்ல நிலையில் இருக்கிறது. முள் வேகமாக இறங்கினால் எங்கோ கசிகிறது. தகட்டில் நன்றாக நின்று, மரத்தில் மட்டும் இறங்கினால் குற்றம் டேப்பில் இல்லை. மரத்தின் துளைகள் வழியாகவோ அதன் சொரசொரப்பான பரப்பின் வழியாகவோ காற்று வருகிறது.

கசியும் இடத்தைக் காண, மெல்லிய நூல் ஒன்றை டேப்பின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போகலாம். கசிவுக்கு அருகில் நூல் உள்நோக்கி வளையும். ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டேப்பை ஒட்டி நகர்த்தினால் “ஸ்ஸ்” என்ற ஒலி கேட்கும். மருத்துவரின் இதயத்துடிப்பு மானி போலத்தான். ஊதுவத்திப் புகையாலும் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். மரத்தூசி எளிதில் தீப்பற்றும் என்பதால் பட்டறையில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது.

டேப்பின் ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

ஒரு நல்ல டேப்பைக் கெடுப்பவை மூன்று: தூசி, நீண்ட நேர அழுத்தம், வெயில்.

ஒவ்வொரு துண்டை வைக்கும் முன்பும் டேப்பை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். ஒரு மெல்லிய மரச்சீவல் டேப்பின் மேல் கிடந்தாலும் அதன் இரு பக்கமும் கசிவு உண்டாகும். மரத்தின் பிசின் படிந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து உலர்த்தலாம். தின்னர் போன்ற கரைப்பான்கள் வேண்டாம். அவை பசையையும் நுரையையும் கரைத்துவிடும்.

வேலை முடிந்ததும் மரத்தை ஜிக்கிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. நுரையை நீண்ட நேரம் நசுக்கி வைத்தால் அறைகளில் உள்ள வாயு சுவர்களின் வழியே மெல்லக் கசிந்துவிடும். சுவர்களும் மடிந்த நிலைக்குப் பழகிவிடும். பிறகு அழுத்தத்தை எடுத்தாலும் டேப் பழைய உயரத்துக்கு எழும்பாது. நீங்கள் ஓராண்டு அணிந்த சிலிப்பரின் குதிகால் பகுதியைப் பாருங்கள். அதே கதைதான். ஆகவே ஜிக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத சுவரில் தொங்கவிட வேண்டும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நுரையை வறண்டு வெடிக்கச் செய்யும்.

டேப்பை விரலால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு சிறு வெட்டு மட்டும் விழுந்திருந்தால் அந்தப் பகுதியைச் சாய்வாக வெட்டி எடுத்து, சற்று நீளமான புதுத் துண்டை நெருக்கி ஒட்டலாம். பல இடங்களில் வெட்டு இருந்தால் முழுவதையும் உரித்துவிடுவதே மேல். முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் பழைய பசை இளகும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டலாம். இரும்புத் தகடு வார்னிஷைக் கீறிவிடும். கீறலும் காற்றுக்கு ஒரு வழியே.

மின்சாரம் திடீரென்று நின்றால் என்ன செய்வது? நல்ல பட்டறைகளில் பம்புக்கும் ஜிக்குக்கும் இடையே ஒரு தொட்டியும் ஒருவழி வால்வும் இருக்கும். பம்பு நின்றாலும் சிறிது நேரம் பிடி தொடரும். அந்தச் சிறிது நேரத்துக்குள் வெட்டுமுனை சுழல்வதை நிறுத்திவிடலாம். ஆனால் அந்த அவகாசம் எவ்வளவு என்பதையும் டேப்தான் முடிவு செய்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

ரவுட்டரை நீங்கள் தொட வேண்டாம். பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் அது கூடவே கூடாது. இதே அறிவியலைக் குளியலறைச் சுவரில் பார்க்கலாம்.

தேவையானவை: உறிஞ்சு கொக்கி ஒன்று, வழுவழுப்பான சுவர்க்கல், 1.5 லிட்டர் நீர்ப் புட்டி, கயிறு, கடிகாரம், ஒரு தலைமுடி, சிறிது முகப்பவுடர்.

முதலில் கொக்கியையும் சுவரையும் துடைத்து உலர்த்தி, கொக்கியை அழுத்திப் பொருத்துங்கள். புட்டியில் பாதி நீர் நிரப்பித் தொங்கவிடுங்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் “60 நிமிடத்துக்கு மேல்” என்று எழுதுங்கள். அடுத்து, கொக்கியின் விளிம்புக்குக் குறுக்கே ஒரு தலைமுடி இருக்கும்படி பொருத்திச் சோதியுங்கள். மூன்றாவதாக, விளிம்பில் சிறிது பவுடரைத் தடவிச் சோதியுங்கள். புட்டி விழும் இடத்தில் ஒரு துண்டை விரித்து வையுங்கள், கால்களைத் தள்ளி வையுங்கள்.

தற்சார்பு மாறி விளிம்பின் நிலை. சார்பு மாறி தாங்கும் நேரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளை நீங்களே பட்டியலிடுங்கள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒற்றைத் தலைமுடி என்ன செய்கிறது என்பதை உங்கள் முடிவுகளே சொல்லும்.

சிந்திக்க ஒரு கேள்வியும் உண்டு. இதே ஜிக்கைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் பிடி கூடுமா, குறையுமா? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 85 கிலோபாஸ்கல்தான். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அதற்கு மேல் வேறுபாடு கிடைக்காது. 0.06 சதுர மீட்டருக்கு அங்கே கிடைக்கக்கூடிய மிக அதிக விசை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

எஸ்.பி.எம். முடித்து உங்களில் பலர் தொழில்திறன் கல்விக்குப் போகலாம். அங்கே பெரிய இயந்திரங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் நுரை டேப், ஒட்டு, வளையம் போன்றவை கண்ணில் படாது. அவற்றையும் தேடிப் பாருங்கள். நான் இப்போதும் மாமா பட்டறைக்குப் போனால், ஒவ்வொரு துண்டை வைத்ததும் முதலில் அழுத்தமானியைப் பார்க்கிறேன். முள் நின்ற பிறகே இயந்திரத்தின் சுவிட்சைத் தொடுகிறேன்.